தானுந்து மின்வழங்கல்

தானுந்து மின்வழங்கல் என்பது தானுந்தின் மின் கருவிகளுக்குத் தேவையான மின்னாற்றலை உருவாக்கி, சேமித்து, பகிர்ந்தளிக்கும் அமைப்பாகும். திறன்மிகு ஒலி மிகைப்பி, கூடுதல் விளக்குகள் போன்றவற்றைப் பொருத்தும்பொழுது இவ்வமைப்பின் மின்னழுத்தம் தாழக்கூடும். இசையின் தாளத்துக்கேற்ப முகப்பு விளக்குகள் மங்குவது இதன் அறிகுறிகளுள் ஒன்று.

செயற்பாடு

12 வோல்ட்டு ஈய-அமில மின்கலம், தொடராக இணைக்கப்பட்ட ஆறு கலங்களைக் கொண்டது. முழு மின்னேற்றம் பெற்று ஓய்விலுள்ளபோது இதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு ஆகும். பொறி இயங்கும்பொழுது, ஆல்டர்னேட்டர் எனப்படும் மாறுமின்னாக்கியே முதன்மை மின்வாய் ஆகிறது. இது உருவாக்கும் மூன்று கட்ட மாறுமின்னோட்டத்தை இருமுனையங்கள் நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றன. சீராக்கி, சுழலியின் காந்தச் சுருளில் பாயும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் மின்னழுத்தத்தைப் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட்டு வரை பேணுகிறது.

மின்சுமைக் கணக்கு

600 வாட்டு ஒலித்திறனை 60 விழுக்காடு பயனுறுதிறனுடன் வழங்கும் மிகைப்பி, இசையின் உச்சங்களில் 1000 வாட்டு மின்திறனை நுகரும். 13.8 வோல்ட்டில் இது ஏறத்தாழ 72 ஆம்பியர் ஆகும். பொறி வெற்றோட்டத்தில் மெதுவாகச் சுழலும்போது மாறுமின்னாக்கி தன் உச்ச அளவைவிட வெகுவாகக் குறைந்த மின்னோட்டத்தையே தரும். பற்றாக்குறையை மின்கலம் ஈடுசெய்கிறது. இது நீடித்தால் மின்கலம் வடிந்து, பொறியை மீண்டும் இயக்க இயலாமல் போகும்.

மின்தேக்கியின் எல்லை

மிகைப்பியுடன் 1 பாரட் மின்தேக்கியை இணைப்பது வழக்கம். இதன் மின்னழுத்தம் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்குக் குறையும்போது வெளிப்படும் ஆற்றல் 26 ஜூல் மட்டுமே. 1000 வாட்டுச் சுமைக்கு இது 0.026 நொடிக்கே போதுமானது. எனவே மின்தேக்கி நொடிப்பொழுது ஏற்றத்தாழ்வைத் தணிக்கும். மின் பற்றாக்குறையைத் தீர்க்காது. இரண்டாவது மின்கலமும் அவ்வாறே. அதனையும் மாறுமின்னாக்கியே மின்னேற்ற வேண்டும்.

தீர்வுகள்

* முதலில் கம்பிகளையும் இணைப்புகளையும் சோதித்தல் வேண்டும். 0.01 ஓம் தடையில் 72 ஆம்பியர் பாய்ந்தால் 0.72 வோல்ட்டு இழக்கப்பட்டு, 52 வாட்டு வெப்பம் உண்டாகும். தடித்த செப்புக் கம்பியும், துருவின்றி இறுகப் பொருத்திய உடற்சட்ட இணைப்பும் இவ்விழப்பைக் குறைக்கும்.
* அதன் பின்னரும் மின்னழுத்தம் தாழ்ந்தால், வெற்றோட்டத்திலும் போதிய மின்னோட்டம் தரும் மாறுமின்னாக்கியைப் பொருத்தலாம். அல்லது சுமையைக் குறைக்கலாம்.
* மின்கலத்தின் நேர்முனைக்கு அருகிலேயே, கம்பியின் தாங்குதிறனுக்கு ஏற்ற மின் உருகி பொருத்தப்படுதல் இன்றியமையாதது. மிகைப்பியின் அருகில் மட்டும் உருகி இருந்தால், இடையிலுள்ள கம்பி உடற்சட்டத்தில் உரசிக் குறுக்குச்சுற்று ஏற்படும்போது அது காக்காது, தானுந்து தீப்பற்றக்கூடும்.