விறகுத் தொழிலும் அதன் கவலைகளும்

அடுப்பில் எரியும் நெருப்பை நாம் நாடோறும் காண்கின்றோம். அந்நெருப்புக்கு உணவாகும் விறகைப் பிளந்து சுமந்து வந்தவரை எண்ணுவதோ அரிது. பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்தில் 'விறகு விற்ற படலம்' என ஒரு படலமே அமைத்துள்ளார். பாணபத்திரனுக்கு உதவும்பொருட்டு மதுரைச் சொக்கர் விறகாளாகித் தலைச்சுமையோடு வீதியில் வந்தார் என்பது அதன் வரலாறு. இறைவன் பூண்ட வேடமெனப் புலவர் போற்றிய இத்தொழிலைப் பற்றிக் கல்வி கற்ற நாம் அறிந்தது மிகச் சிறிதே. ஆதலின், திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் சிறுமுதல் கொண்டு விறகும் மரமும் விற்று வாழ்வோரின் கருவிகளையும் கவலைகளையும் ஒருவாறு இங்கு விளக்க முற்படுகின்றோம்.

நம் நகரில் மரக்கடை என்றே பெயர்பெற்ற இடம் ஒன்றுண்டு; அப்பெயரே மர வாணிகத்தை நினைவூட்டும். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1860-களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியை எட்டியது. அக்காலத்துப் புகைவண்டிகள் பல விறகையே எரித்து ஓடின. அவற்றின் தேவையை முன்னிட்டே செங்கற்பட்டுக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் அப்பத்தாண்டில் வளர்க்கப்பட்டன. இன்று இல்லங்களில் எரிவாயு அடுப்பு பரவிவிட்டது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் அதனை ஏழைக் குடும்பங்களுக்கும் கொண்டுசென்றது. எனினும் விறகு நம்மை விட்டு நீங்கிற்றில்லை. கோயில் மடைப்பள்ளி, திருமணச் சமையலின் கோட்டையடுப்பு, பிரியாணிக்கடையின் பெருங்குண்டான், காவிரிக்கரையில் ஓயாமாரிச் சுடுகாட்டின் சிதை ஆகிய இவையெல்லாம் இன்றும் விறகை வேண்டி நிற்கின்றன.

இனிக் கருவிகளைக் காண்போம். அவற்றுள் தலையாயது கோடரி. அஃது இருவகைப்படும். மரத்தைக் குறுக்கே வெட்டும் கோடரியின் அலகு மெல்லியது. கட்டையைப் பிளக்கும் கோடரியோ ஆப்புப்போலத் தடித்தது. மெல்லியதைக் கொண்டு பிளக்கப் புகுந்தால் அது கட்டையினுள் சிக்கிக்கொள்ளும். பருத்த கட்டைகளைப் பிளக்க இரும்பாப்புகளும் சம்மட்டியும் வேண்டும். அனுபவமுள்ளவர் கட்டையின் முனையில் இயல்பாகத் தோன்றிய வெடிப்பைக் கண்டு அவ்வழியே ஆப்பை இறக்குவர். கணுவுள்ள இடத்தை விலக்குவர்.

ரம்பத்தின் நுட்பம் அதன் பற்களில் உள்ளது. குறுக்கே அறுப்பதன் பற்கள் சிறு கத்திகள்போல நாரை வெட்டும். நெடுக அறுப்பதன் பற்கள் சிற்றுளிகள்போலச் செதுக்கிச் செல்லும். பற்களை ஒன்று விட்டொன்றாக இருபுறமும் சற்றே வளைத்துவைப்பர். அதனால் அறுப்புவழி தகட்டினும் அகன்று, ரம்பம் இறுகாமல் ஓடும். முற்காலத்தில் பெருங்கட்டையைக் குழியின்மேல் கிடத்தி, ஒருவர் மேலும் ஒருவர் கீழும் நின்று வாளிழுத்துப் பலகை அறுத்தனர். கீழே நின்றவர் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் பொழிந்தவண்ணம் இருக்கும். இக்காலத்தில் எண்ணெயால் இயங்கும் சங்கிலி ரம்பம் பல நாழிகை வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கின்றது. எனினும் அதன் முனை கட்டையில் தட்டினால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும்; அதன் இடைவிடா அதிர்வு நாளடைவில் விரல்களை மரத்துப்போகச் செய்யும்.

கருவியனைத்துக்கும் உயிர் தருவது அரம் என்னும் சிறுகருவியே. மழுங்கிய ரம்பம் வேலையை இரட்டிப்பதோடு தொழிலாளியின் தோளையும் தேய்க்கும். சாலையோர மரங்களில் விளம்பரத் தட்டிகளுக்காக நாம் அறையும் ஆணிகள் ஆண்டுகள் பல கழிந்தபின் மரத்தினுள் புதைந்து மறைகின்றன. அம்மரம் அறுக்கப்படும் நாளில் ஒரே ஆணி ரம்பப் பற்கள் பலவற்றை முறித்துவிடும். ஆணியறைந்தவர் ஒருவர், பற்களுக்கு விலை கொடுப்பவர் மற்றொருவர்.

மரவகைகளை அறிவதும் இத்தொழிலின் கல்வியே. உள்ளே வைரமுடையது மரம், புறத்தே வன்மையுடையது புல் எனத் தொல்காப்பியம் மரபியலில் பகுத்தது. இப்பகுப்பினை விறகாளர் ஏட்டில் கற்றாரல்லர். கோடரியின் ஓசையால் உணர்வர். முருங்கையும் உதியும் வைரமின்றி விரைவில் எரிந்து சாம்பலாகும். சவுக்கும் கருவேலும் நின்றெரிந்து நல்ல தணலிடும். வேம்பு கதவுக்கும், பூவரசு வீட்டுச் சாமான்களுக்கும், புளியங்கட்டை கறிக்கடை அடிமணைக்கும் உரியன. இவற்றை விறகாக்குதல் பொருளை வீணாக்குதலாம். சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-ல் கடப்பைப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று குளமும் தரிசும் கவர்ந்து நிற்கும் அதனை அகற்றுமாறு 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. உழவர்க்குப் பகையான அதுவே விறகாளர்க்கு வாழ்வளிப்பது. ஆயினும் அதன் முள் காலில் தைத்தால் வேலை செய்யும் நாள்களும் கூலியும் ஒருங்கே இழக்க நேரும்.

நிற்க. இத்தொழிலின் உயிர்நிலையான கவலை யாதெனின், அது விறகிலுள்ள ஈரமே. ஒருமுறை திருவரங்கத்தில் ஒரு சிறு விறகுக்கடையில் நாம் நின்றிருந்தபோது, திருமணச் சமையற்காரர் ஒருவர் சினத்தோடு வந்தார்.

"என்னப்பா, போன முறை நீ கொடுத்தது விறகா, சாம்பிராணியா? பந்தி முழுதும் புகை!" என்றார்.

கடைக்காரர் அமைதியாக, "சாமி, காய்ந்த விறகு இன்ன விலை, பச்சை விறகு இன்ன விலை என்று முன்னமே சொன்னேன். குறைந்த விலையே போதுமென்று தாங்கள்தாமே சொன்னீர்கள்?" என்றார்.

சமையற்காரர் சற்று நேரம் வாளாவிருந்து, பின் காய்ந்த விறகின் விலையைக் கேட்டார். கேட்டபின் மீண்டும் பேரம் பேசத் தொடங்கினார்!

இப்பேரத்தின் உட்பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 40 பங்கு நீருள்ள பச்சை விறகு 1,000 கிலோவைக் கடைக்காரர் எடைபோட்டு வாங்குகின்றார் என்க. அதில் மரப்பொருள் 600 கிலோ, நீர் 400 கிலோ. நன்கு உலர்ந்து நீர் நூற்றுக்கு 20 பங்காகக் குறையுங்கால் மொத்த எடை 750 கிலோவாக நிற்கும். எஞ்சிய 250 கிலோ நீராவியாய்க் காற்றிற் கலந்தது. அதற்குக் கொடுத்த பணமும் அதனோடு போயிற்று. பிளந்த கூலி, அடுக்கிய இடத்தின் வாடகை, மழைக்குப் போர்த்த தார்ப்பாய் ஆகியவற்றை விடுத்தாலும், வாங்கிய விலையினும் மூன்றிலொரு பங்கு கூட்டி விற்றாலன்றி முதலே திரும்பாது. முற்காலத்தில் 25 பவுண்டு கொண்ட மணங்கால் நிறுத்தனர். இக்காலத்தில் கிலோவால் நிறுக்கின்றனர். எக்காலத்தும் தராசு நீரையும் மரத்தையும் பிரித்தறிவதில்லை.

வாங்குவோர்க்கு இதனால் நட்டமோவெனின், இல்லை. முற்றும் உலர்ந்த மரம் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். விறகிலுள்ள நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ 610 கிலோகலோரி செலவாகும். இவ்வாறு நோக்குமிடத்து, நூற்றுக்கு 20 பங்கு நீருள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 3,480 கிலோகலோரியும், 40 பங்கு நீருள்ளது சுமார் 2,460 கிலோகலோரியும் தரும். அஃதாவது, உலர்ந்த விறகின் விலை மூன்றிலொரு பங்கு மிகுந்தாலும் அதன் வெப்பம் அதனினும் சற்று மிகுந்தே நிற்கின்றது. புகையின்மையும் கண்ணெரிச்சலின்மையும் மேலதிகப் பேறாம். இந்நுட்பத்தை அறியாமல் நாம் குறைந்த விலையைக் கேட்குந்தோறும், விறகாளர் உலர்த்தும் வழக்கத்தைக் கைவிடத் தூண்டப்படுகின்றார்.

மரம் விற்போர்க்கு வேறொரு கணக்குண்டு. உருண்டைக் கட்டையின் சுற்றளவை நான்கால் வகுத்து, அதனைத் தன்னால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி காண்பது வழக்கம். 4 அடிச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள கட்டை இம்முறையில் 10 கன அடியாகும். வடிவக்கணக்கின்படி உண்மைக் கனம் ஏறத்தாழ 12.7 கன அடி. சதுரித்து அறுக்கும்போது கழியும் பட்டைப்பலகைகளுக்காக விட்ட கழிவு இது. ஆயினும் அப்பட்டைப்பலகைகளும் விறகாகி விலைபோகின்றன. இக்கணக்கு அறியாது தன் கொல்லை மரத்தை விற்கும் குடியானவன் ஐந்திலொரு பங்குக்கு மேல் இழக்கின்றான்.

சட்டமும் உடலும் எஞ்சிய கவலைகள். மரங்களை வண்டியிலேற்றிச் செல்வதற்கு 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப்போக்குவரத்து விதிகள் உண்டு. சந்தனம், ஈட்டி போன்றவற்றிற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. எழுத்தறியாத தொழிலாளி தாளொன்று குறைந்ததால் வழியில் ஒருநாள் நிற்க நேர்ந்தால், அன்றைய உணவே தடைப்படும். மரத்தூளைப் புற்றுநோய்க்குக் காரணமான பொருள்களுள் ஒன்றாக உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் சேர்த்தது. மூக்கையும் வாயையும் மூடும் துணியும் கண்ணாடியும் காலணியும் பெருஞ்செலவல்ல. அவற்றை அணியும் வழக்கமே அரிதாயுள்ளது. உடலுழைப்புத் தொழிலாளர்க்கென 1982-ல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தின்வழி நலவாரியங்கள் அமைந்துள்ளன. அவற்றிற் பதிவுசெய்துகொள்ள விண்ணப்பம் எழுதித் தருதல் நம் மாணவர்க்கு ஒரு மாலைப்பொழுதின் வேலையே.

அன்பர்களே! பெரிய உபகாரம் எதனையும் விறகாளர் நம்மிடம் வேண்டவில்லை. மரத்தில் ஆணியறையாதிருத்தல், விறகு வாங்குங்கால் ஈரம் நோக்கி விலை பேசுதல், கணக்கும் எழுத்தும் அறியாதார்க்கு அவற்றால் உதவுதல் என்னும் இம்மூன்றும் நம்மாற் செய்தற்கு எளியன. அடுத்த முறை ஒரு திருமணப் பந்தியில் புகையின்றிச் சமைத்த உணவை உண்ணும்போது, ஐப்பசி மழையில் தார்ப்பாய் போர்த்து அவ்விறகைக் காத்தவர் ஒருவர் உண்டென நினைப்போமாக.