பார்லிக் களஞ்சியம், கிரெஸ்ஸிங் டெம்பிள், எசெக்ஸ்

தலையை உயர்த்தித் தூண்களைப் பாருங்கள். எதுவும் பொருந்தாத வெற்றுப் பொளிகள் ஆங்காங்கே தெரியும். பழைய களஞ்சியத்தில் இப்படிக் கண்டால், உடைத்த கப்பலின் மரம் என்று கதை கட்டுவது இங்கிலாந்துக் கிராமங்களில் வழக்கம். இங்கே கப்பல் ஏதுமில்லை. நீண்ட சாய்கால்கள் படிந்திருந்த இடங்கள் அவை. பின்னால் வந்த தச்சர்கள் கட்டடத்தைத் திருத்தியபோது சாய்கால்கள் போயின, தழும்பு நின்றது.

அந்தத் தழும்புகளைப் படித்தவர் செசில் ஹியூவெட். மரத்தோடு மரத்தைப் பூட்டும் முறை காலத்துக்குக் காலம் மாறும், அதைக் கொண்டே வயதைக் கணிக்கலாம் என்றார். பிறகு ஓக் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்ததில், இவை ஏறத்தாழ 1205–1235 காலத்தில் வெட்டப்பட்டவை எனத் தெரிந்தது. பக்கத்திலுள்ள கோதுமைக் களஞ்சியம் இரண்டு தலைமுறை இளையது.

1137இல் மெட்டில்டா அரசி இந்த நிலத்தை டெம்ப்ளர் எனும் போர்த்துறவிகளுக்கு அளித்தார். 1312இல் அச்சபை கலைக்கப்பட்டபின் நிலம் ஹாஸ்பிட்டலர் எனும் மற்றொரு போர்த்துறவிச் சபையின் கைக்கு வந்தது. 1381 ஜூனில், தலைவரியால் கொதித்த மக்கள் இந்தப் பண்ணைக்குள் புகுந்து சூறையாடினார்கள். இங்கிலாந்தில் அச்சபையின் தலைவர் ராபர்ட் ஹேல்ஸ்தான் நாட்டின் பொருளாளரும்கூட. சில நாட்களில் லண்டனில் அவர் தலை வெட்டப்பட்டது. களஞ்சியங்கள் இரண்டும் தப்பின. உள்ளே இருந்தது தங்கள் உழைப்பு என்று உழவர்களுக்குத் தெரியாதா என்ன!

1987இல் எசெக்ஸ் கவுண்டி கவுன்சில் இவற்றை வாங்கியது. தானியம் குவித்த இடத்தில் இப்போது கல்யாண விருந்து நடக்கிறது.