டிக்கெட் வாங்கியவருக்குத்தான் சோதனையா?

இந்த மலருக்கு என்ன எழுதப்போகிறீர்கள் என்று ஆசிரியர் கேட்டபோது, "வீடியோ கேம் திருட்டைப் பற்றி" என்றேன். போனிலேயே சிரித்துவிட்டார். முப்பத்தேழு வருடம் சிக்னல் இலாகாவில் குப்பை கொட்டிய மனுஷனுக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று நீங்களும் நினைக்கலாம். வேலை என் பேரனால் வந்தது.

கோடை விடுமுறையில் ஒரு நாள், ஏழாவது படிக்கும் அவன் என் நாற்காலியருகே வந்து நின்றான். "தாத்தா, புது கேம் நாலாயிரம் ரூபாய். ஃப்ரெண்ட் ஒருத்தன் கிராக் பண்ணினதை பென் டிரைவில் சும்மாவே தரேங்கிறான். வாங்கிக்கட்டுமா?"

கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்து அறையில் அவன் அப்பா, அதாவது என் மகன், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 1999-ல் கல்யாண் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, லேமிங்டன் ரோடு நடைபாதையில் நூறு ரூபாய்க்கு மூன்று திருட்டு சி.டி. வாங்கிக்கொடுத்த கை எந்தக் கை என்று அவனுக்குத் தெரியும். இன்னொரு சங்கடமும் உண்டு. என் மகள் புனேயில் ஒரு கம்பெனியில் கேம்களுக்குச் சித்திரம் தீட்டும் வேலையில் இருக்கிறாள். ஆக ஒரே வீட்டில் திருடனும் இருக்கிறான், பறிகொடுத்தவளும் இருக்கிறாள். பேரனுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமே என்று இரண்டு மாதம் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சண்டை நாம் நினைப்பதைவிடப் பழையது. 1976 பிப்ரவரியில், இருபது வயதுப் பையனாக இருந்த பில் கேட்ஸ், கம்ப்யூட்டர் பொழுதுபோக்கர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்ற கருவிக்காக அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் மென்பொருளைக் காகித நாடாவில் நகலெடுத்து ஆளாளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கருவி வைத்திருப்பவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே காசு கொடுத்து வாங்கினார்கள் என்றும், உழைத்த நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்றும் அதில் புலம்பியிருக்கிறார். பின்னாளில் அவர் எங்கே போனார் என்பது வேறு கதை. ஆனால் அன்றைய புலம்பல் நியாயமானது.

பூட்டு எப்படிப் போடுகிறார்கள்? எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒற்றைப் பாதைப் பிரிவுகளில் நீல் பந்து டோக்கன் கருவி என்று ஒன்று உண்டு. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் இரண்டு பெட்டிகள். உள்ளே எஃகு உருண்டைகள். பெட்டிகள் இரண்டும் மின்கம்பி வழியே பேசிக்கொள்ளும். ஓர் உருண்டை வெளியே வந்துவிட்டால், அது மறுபடி ஏதாவதொரு பெட்டிக்குள் விழும்வரை இன்னொன்று வராது. உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். உருண்டை ஒன்றே ஒன்று என்பதில்தான் அந்த ஏற்பாட்டின் உயிரே இருக்கிறது. கம்ப்யூட்டரில் தொல்லை என்னவென்றால், உருண்டையையே நகல் எடுத்துவிடலாம். நகலுக்கும் அசலுக்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இராது. ஐம்பது வருடமாக இவர்கள் தேடுவதெல்லாம் நகலெடுக்க முடியாத ஓர் உருண்டையைத்தான்.

1990-ல் வந்த 'மங்கி ஐலண்ட்' என்ற கடற்கொள்ளையர் விளையாட்டில் அந்த உருண்டை ஓர் அட்டைச் சக்கரம். இரண்டு வட்ட அட்டைகளைத் திருப்பி, திரையில் தெரியும் கொள்ளைக்காரன் முகத்தைப் பொருத்தினால், அவனை எந்த ஊரில் எந்த வருடம் தூக்கிலிட்டார்கள் என்பது சன்னலில் தெரியும். அதைச் சொன்னால்தான் விளையாட்டு ஆரம்பிக்கும். ஜெராக்ஸ் கடைக்காரர் இருக்கும் ஊரில் இது எத்தனை நாள் தாங்கும்?

நின்டென்டோ கம்பெனி செய்தது எங்கள் டோக்கன் பெட்டிக்கு இன்னும் கிட்ட வருகிறது. 1985-ல் அமெரிக்காவில் விற்ற பெட்டியில் ஒரு சில்லு, சொருகும் கார்ட்ரிட்ஜில் ஒரு சில்லு. இரண்டும் ஒரே தாளத்தில் பேசிக்கொள்ள வேண்டும். தாளம் தப்பினால் பெட்டி விடாமல் ஆரம்பத்துக்கே திரும்பிக்கொண்டிருக்கும். அடாரி கேம்ஸ் கம்பெனியால் இதை நேர்வழியில் உடைக்க முடியவில்லை. அவர்கள் வக்கீல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்குப் போய், வழக்கு நடக்கிறது, அதற்கு வேண்டும் என்று சொல்லி, அங்கே பதிவுக்காகக் கொடுத்திருந்த சில்லுக் குறிமுறையின் நகலை வாங்கிவிட்டார்கள். அப்போது வழக்கே கிடையாது! 1992-ல் அப்பீல் கோர்ட்டு அடாரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜப்பானில் 1983-ல் வந்த மூலப்பெட்டியில் இந்தப் பூட்டுச் சில்லு இல்லை. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் டி.வி.யோடு மாட்டி விளையாடிய மலிவுப் பெட்டிகள் அந்த ஜப்பான் பெட்டியின் நகல்களே.

அடுத்து சி.டி. காலம். இங்கே என் சொந்தக் கதை ஒன்று. மகன் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியதற்காக, முதல் தடவையாக ஒரு ஒரிஜினல் கேம் வாங்கிக்கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஒவ்வொரு முறையும் அந்த சி.டி. டிரைவில் இருந்தால்தான் ஓடும். ஒரு வருடத்தில் சி.டி.யில் கீறல் விழுந்தது. கடைக்காரர் கை விரித்தார். கடைசியில் மகன் ஒரு நண்பனிடமிருந்து, சி.டி. இல்லாமலே ஓடவைக்கும் கிராக் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். நூறு ரூபாய்த் திருட்டு சி.டி. ஒரு நாளும் இப்படிப் படுத்தியதில்லை. எனக்குச் சட்டென்று தோன்றியது நம் மும்பைப் பாலங்கள். டிக்கெட் இல்லாதவன் தண்டவாளத்தில் குதித்து மறுபக்கம் ஏறிப் போய்விடுவான். பாலத்தின் மேல் ஒழுங்காக வருகிற சீசன் டிக்கெட்காரரைத்தான் டி.சி. நிறுத்துவார்.

இதுதான் விவாதத்தின் மையம் என்பது என் எண்ணம். 2008-ல் 'ஸ்போர்' என்ற விளையாட்டு, வாங்கியவர் மூன்று தடவைதான் நிறுவலாம் என்ற பூட்டோடு வந்தது. கொதித்துப்போனவர்கள் அமேசான் கடையில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். கம்பெனி மூன்றை ஐந்தாக்கியது. அந்த வருடம் மிக அதிகமாகத் திருட்டுப் பிரதியாக இறக்கப்பட்ட விளையாட்டுகளில் அதுவே முன்னணியில் இருந்தது.

அதற்காகத் திருடுபவர்கள் எல்லாம் பூட்டுக்கு எதிரான போராளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2013-ல் இரண்டு சகோதரர்கள் 'கேம் டெவ் டைகூன்' என்று ஒன்று செய்தார்கள். விளையாடுபவர் ஒரு கேம் கம்பெனி நடத்த வேண்டும். விலை எட்டு டாலர், பூட்டு கிடையாது. வெளியிட்ட அன்றே, திருட்டுப் பிரதி என்று தாங்களே ஒன்றை இணையத்தில் விட்டார்கள். முதல் நாள் கணக்கில் காசு கொடுத்தவர்கள் 214 பேர். திருட்டுப் பிரதிக்காரர்கள் 3,104 பேர். அந்தத் திருட்டுப் பிரதியில் மட்டும், கொஞ்ச நேரம் ஆடியதும் உங்கள் விளையாட்டைத் திருடுகிறார்கள் என்று செய்தி வரும், கம்பெனி திவாலாகும். "திருட்டுக்காரர்களை எப்படித் தடுப்பது?" என்று அந்தத் திருட்டுப் பிரதிக்காரர்களே புகார் எழுதினார்களாம்! பேரன் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். மகன் சிரிக்கவில்லை.

போலந்து நாட்டுக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே 1994 வரை மென்பொருளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை; வார்சா சந்தையில் திருட்டுப் பிரதிகள் நம் நடைபாதைபோல்தான். பள்ளித் தோழர்கள் இருவர் அதே வருடம் சிடி ப்ராஜெக்ட் என்ற கம்பெனி ஆரம்பித்து, வெளிநாட்டு கேம்களை இறக்குமதி செய்து விற்றார்கள். 1999-ல் 'பால்டர்ஸ் கேட்' என்ற பெரிய விளையாட்டைக் கொண்டுவந்தபோது, சந்தைக்காரனோடு விலையில் மோத முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். எனவே பூட்டைப் பலப்படுத்தாமல் பெட்டியைப் பலப்படுத்தினார்கள். ஐந்து சி.டி., பழைய ஓலைபோன்ற தாளில் வரைபடம், பாட்டு சி.டி., விதிப்புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலாக நாட்டின் பிரபல நடிகர்கள் போலிஷ் மொழியில் பேசிய குரல். சந்தைக்காரனால் இத்தனையையும் நகலெடுத்துக் கட்டுப்படியாகாது. முதல் நாளே 18,000 பிரதிகள் போயின. பின்பு அவர்களே விளையாட்டு தயாரித்தார்கள். 2015-ல் வந்த 'விட்சர் 3'-ஐ தங்கள் சொந்த இணையக் கடையில் எந்தப் பூட்டும் இல்லாமல் விற்றார்கள். எல்லாக் கருவிகளுக்குமாக 2023-க்குள் ஐந்து கோடிப் பிரதிகள்.

பூட்டே வீண் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியுமா? இன்ஜினீயர் புத்தி கணக்கைக் கேட்கிறது. 2014-ல் ஆஸ்திரியாவிலிருந்து டெனுவோ என்ற பூட்டு வந்தது. உடைக்கவே முடியாதது என்று யாரும் சொல்லவில்லை; நாளாகும், அவ்வளவே. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் சராசரி ஐந்தில் ஒரு பங்கு போகிறது. பன்னிரண்டு வாரம் தாங்கிவிட்டால் பிறகு உடைவதால் ஏறக்குறைய நஷ்டமே இல்லை. புதுப்படத்துக்கு முதல் வாரக் கூட்டம் மாதிரி. அப்படியானால் மூன்று மாதம் கழித்துப் பூட்டைக் கழற்றிவிடலாமே? சில கம்பெனிகள் கழற்றுகின்றன. பல கழற்றுவதில்லை. பூட்டால் விளையாட்டு தடுமாறுகிறது என்று காசு கொடுத்தவர்களே முறையிடுவது இதனால்தான்.

இன்னொரு அநியாயமும் உண்டு. 2014-ல் விற்ற 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு, தனியாக ஆடினாலும் கம்பெனியின் சர்வரோடு பேசித்தான் ஓடும். 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள். பத்து வருடத்துக்கு முன் காசு எண்ணி வாங்கியவர் கையில் இருந்தது வெறும் தட்டு. கலிபோர்னியாவில் 2025 முதல், இப்படி விற்பவர்கள் "இது உங்கள் சொந்தமல்ல, உரிமம் மட்டுமே" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

திருட்டுப் பிரதி ஒன்று, வெளிவருமுன் கசிவது வேறொன்று. இதை நான் குழப்பிக்கொண்டிருந்தேன்; மகள்தான் புரியவைத்தாள். 2003-ல் 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டின் மூலக் குறிமுறையே திருடுபோய் வெளியே பரவியது. விளையாட்டு வெளிவர அடுத்த வருடம் நவம்பர் ஆயிற்று. உள்ளே புகுந்த ஜெர்மானிய இளைஞன் தானே கம்பெனித் தலைவருக்கு எழுதினான். வேலைக்கு நேர்முகம் என்று அமெரிக்காவுக்கு வரவழைக்கப் பார்த்தார்கள். அதற்குள் ஜெர்மனிப் போலீஸ் பிடித்துவிட்டது. 2022 செப்டம்பரில் 'ஜி.டி.ஏ. 6'-ன் தயாரிப்புக் காட்சிகள் சுமார் தொண்ணூறு வெளியே வந்தன. பிரிட்டனில் ஒரு சிறுவன், ஹோட்டல் அறையின் டி.வி.யில் சொருகிய சின்னக் குச்சியையும் கைப்பேசியையும் வைத்தே இதைச் செய்தானாம்.

மகள் கம்பெனியிலும் ஒரு தடவை நடந்தது. இரண்டரை வருடம் அவள் வரைந்துகொண்டிருந்த ஒரு குதிரை. தோலும் நிழலும் இன்னும் பூசாத நிலை. அந்தக் காட்சி எப்படியோ வெளியேறி, ஊரே பார்த்து, "இதுவா குதிரை, கழுதை" என்று சிரித்தது. சாரம் கட்டிய கோபுரத்தைப் பார்த்துக் கோணல் என்பதுபோல. அன்றிரவு போனில் அவள் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்பா, முடிக்க விட்டிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு ஆபீஸில் எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தார்களாம். கைப்பேசியை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று ஆயிற்று. அங்கும் ஒழுங்காக வேலை பார்ப்பவர்களுக்குத்தான் சோதனை!

நம் நாட்டுச் சட்டம் தெரிந்திருப்பது நல்லது. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் கம்ப்யூட்டர் மென்பொருளும் சேர்ந்தது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் ஓட்டுவதும் குற்றம்தான், விற்பது மட்டுமல்ல. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதை 2012 திருத்தம் தனிக் குற்றமாக்கியது. இவை போக, கிராக் செய்த பிரதியோடு வைரஸும் வந்து சேரும். என் பென்ஷன் கணக்கும் அதே கம்ப்யூட்டரில்தான் திறக்கிறது.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன், 1999 நடைபாதை உட்பட. சட்டப்பிரிவை அவன் காதில் வாங்கவேயில்லை. குதிரை விஷயத்தைத்தான் இரண்டு தடவை கேட்டான். "அத்தை வரைஞ்சதா? அதைப் பார்த்தா சிரிச்சாங்க?" பென் டிரைவ் பேச்சு அதோடு நின்றது.

அந்த நாலாயிர ரூபாய் விளையாட்டை அவன் இன்னும் வாங்கவில்லை. தீபாவளித் தள்ளுபடியில் பாதி விலைக்கு வருமாம், காத்திருக்கிறான். அதில் பாதி நான் தருவதாக ஒப்பந்தம். மறு பாதி அவன் அப்பா பொறுப்பு. அந்த மூன்று சி.டி.யையும் விளையாடித் தீர்த்தவன் அவன்தானே, வட்டியாவது கட்டட்டும்.