ஸ்டாக்ஹோமில் ஒரு தீப்பெட்டி அரண்மனை

வட ஐரோப்பாவுக்குச் சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கு ஸ்டாக்ஹோமில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல்தான். பழைய நகரத்தையும் வாசா கப்பலையும் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. ஆனா சிவகாசிப் பக்கத்துக்காரங்க இன்னொரு இடத்தையும் எட்டிப் பார்க்கணும்: பழைய நகரத்திலிருந்து பாலம் தாண்டினால் நடக்கிற தூரத்தில் இருக்கும் 'தீப்பெட்டி அரண்மனை'.

பாதுகாப்பான தீக்குச்சிக்கு 1844இல் காப்புரிமை வாங்கியவர் ஸ்வீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ். குச்சியின் தலையில் நச்சுப் பாஸ்பரஸுக்கு இடமில்லை. சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில். நம்ம ஊர்ப் பெட்டியும் இன்னிக்கு வரை அப்படித்தான். இந்த வியாபாரத்தை உலகமெங்கும் பரப்பிய ஐவர் க்ரூகர் 1928இல் கட்டிய தலைமை அலுவலகம்தான் அந்த அரண்மனை. இந்தியாவில் 1923இல் வந்த விம்கோ, அவருடைய ஸ்வீடிஷ் நிறுவனத்தின் கிளை.

கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று சிவகாசி திரும்பினாங்க. விம்கோவிடம் இயந்திரம், இங்கே வெறும் கை. பிற்பாடு கைத்தொழிலுக்கு வரியைக் குறைத்து அரசு கைகொடுத்தது. ஆனா குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டிய கைகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கைகளும் இருந்தன.

1932இல் க்ரூகர் இறந்ததும் அவர் சாம்ராஜ்யம் சரிந்தது. அரண்மனை மட்டும் நிக்குது. அதன் முற்றத்தில் நிற்கும்போது நம்ம தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளையும் நினைச்சுக்குங்க.