வலைப் பொதிகளும் பொதுப் பயனரும்

தமிழ் எழுத்து ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு செல்கிறது என்பதை மாணவர்க்குக் காட்ட, வலையமைப்பில் ஓடும் தரவுப் பொதிகளைப் பிடித்துக் காட்டுவதே நேர்வழியாகும். மறையாக்கம் செய்யப்படாத சோதனைப் பக்கம் ஒன்று போதும். யூடிஎஃப்-8 முறையில் 'அ' மூன்று பைட்டுகளாகவும் 'கி' ஆறு பைட்டுகளாகவும் செல்வதைக் கண்ட மாணவர்க்குக் குறியேற்றம் பற்றிய நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆயினும் இப்பாடம் பெரும்பாலும் தொடங்குமுன்னரே நின்றுவிடுகிறது. பொதிகளைப் பிடிக்க நிர்வாகி உரிமை வேண்டும். அதனை மாணவர்க்கு வழங்கக் கணினிப் பிரிவினர் இசைவதில்லை.

அம்மறுப்பில் நியாயம் உண்டு. 1998இல் ஜெரால்டு கோம்ப்ஸ் 'எத்தீரியல்' என்னும் பெயரில் வெளியிட்டு, 2006இல் 'வயர்ஷார்க்' எனப் பெயர் மாறிய மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான நெறிமுறைகளைப் பிரித்துப் படிக்கும் நிரல்கள் அதனுள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் பிழை இருப்பின், தீய நோக்குடன் புனையப்பட்ட ஒரு பொதி அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மென்பொருள் நிர்வாகி உரிமையுடன் இயங்குமாயின் கணினி முழுவதுமே பறிபோகும்.

எனவே பிடிக்கும் பணியையும் படிக்கும் பணியையும் பிரிப்பதே தீர்வு. வயர்ஷார்க்கில் பிடிக்கும் பணியைச் செய்வது 'டம்ப்கேப்' என்னும் சிறு நிரல். 1999இல் வெளிவந்த லினக்ஸ் கருநிரலின் 2.2ஆம் பதிப்பு, நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் தனித்தனித் திறன்களாகப் பகுத்தது. அத்திறன்களை நிரற்கோப்புடனேயே இணைக்கும் வசதி 2008இல் 2.6.24ஆம் பதிப்பில் வந்தது. இதன்வழி, பொதிகளை நேரடியாகப் பெறும் திறனையும் வலையமைப்பு இடைமுகத்தை அமைக்கும் திறனையும் டம்ப்கேப்பிற்கு மட்டும் அளிக்கலாம். பிரித்துப் படிக்கும் பெருநிரல் பொதுப் பயனர் உரிமையுடனேயே இயங்கும். டெபியனில் இதற்கெனக் கட்டளை எழுதவும் வேண்டியதில்லை. நிறுவும்போது எழும் வினாவிற்கு 'ஆம்' எனத் தந்து (இயல்பு விடை 'இல்லை' என்பதே), உரிய பயனரை 'வயர்ஷார்க்' குழுவில் சேர்த்தால் போதும். சேர்த்தபின் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும் என்பதை மறந்து, ஒரு பாடவேளை முழுவதையும் இழந்தவருள் யானும் ஒருவன்.

விண்டோசில் நிலை ஏறத்தாழத் தலைகீழ். அங்குப் பயன்படும் 'என்பிகேப்', நிறுவுபவர் கட்டுப்பாட்டைத் தேர்ந்தால் அன்றி, நிர்வாகி அல்லாதாரையும் அனுமதிக்கிறது.

மாணவர்க்குத் தனித்தனிக் கணினி உள்ள ஆய்வுக்கூடத்தில் இக்குழுமுறையைத் தயக்கமின்றிப் பின்பற்றலாம் என்பது எம் கருத்து. பலர் ஒருங்கே புகும் பகிர்வுக் கணினியிலோ அதனைத் தவிர்க்க வேண்டும். அங்குக் குழு உறுப்பினர் ஒருவர் பிறருடைய பொதிகளையும் காண இயலும். மறையாக்கம் பெற்ற உள்ளடக்கம் புலப்படாதெனினும், அக்கணினியிலிருந்து எந்தெந்தத் தளங்கள் நாடப்பட்டன என்பது பல வேளைகளில் தெரிந்துவிடும்.