செவ்ரோலெட் கே-வரிசைப் பிக்அப்: மூல அச்சுகளை அடையாளம் காணல்

செவ்ரோலெட் நிறுவனம் 1973 முதல் 1986 வரை அமெரிக்கச் சந்தையில் விற்ற நான்கு சக்கர இயக்கப் பிக்அப் வண்டிகள் கே-வரிசை எனப்பட்டன. பல கை மாறிய வண்டியில் ஆலையில் பூட்டிய அச்சுகளே இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

முதலில் எண்ண வேண்டியவை டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டுகள். அரை டன் கே-10-இன் பின் அச்சில் 1970-களில் 12, பின்னாளில் 10. கனரகப் பின் அச்சில் 14. அதன் ஹப் சக்கரத்தின் நடுவே துருத்தி நிற்கும். முன் அச்சில்தான் குழப்பம். முதலில் வந்த டேனா 44, பிறகு வந்த ஜிஎம் அச்சு இரண்டுக்குமே 10 போல்ட்டுகள். சேற்றைச் சுரண்டிப் பார்த்தால் டேனாவின் வார்ப்பில் 44 என்ற எண் புடைத்திருக்கும்.

சக்கரத்திலும் சான்று உண்டு. கே-10-க்கு 6 போல்ட், கே-20-க்கு 8. முன்னும் பின்னும் வேறுபட்டால் ஏதோ ஒன்று மாற்றப்பட்டது உறுதி.

டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டிய தாள் பிழைத்திருந்தால் அதுவே சிறந்த ஆவணம். ஜி80 என்ற குறியீடு பூட்டும் டிஃபரன்ஷியலைக் குறிக்கும். தாளில் உள்ள வண்டி எண் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெட்டியும் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம்.

பல்சக்கர விகிதத்தை ஊகிக்கக் கூடாது. மூடியைத் திறந்து பற்களை எண்ணுவதே வழி: பெரிய சக்கரத்தில் 41, பினியனில் 11 எனில் விகிதம் 3.73. முன்னும் பின்னும் விகிதம் ஒவ்வாத வண்டியை நான்கு சக்கர இயக்கத்தில் தார்ச்சாலையில் ஓட்டினால், அச்சுகள் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும்.