மேலெழுத்தும் உட்பொருளும்

நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் 1963ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகின்றது. மூட்டைகளின்மேல் தோட்டத்தின் பெயரும் தரமும் எழுதப்பட்டிருக்கும். எனினும் வணிகர் அவ்வெழுத்தை மட்டும் நம்பி விலை கூறுவதில்லை. மாதிரியைக் கொதிநீரில் இட்டுச் சுவைத்த பின்னரே மதிப்பிடுவர். மேலெழுத்தை எவரும் எழுதிவிடலாம். சுவையோ உள்ளிருக்கும் இலையிலிருந்தே வருவது.

கணினிக்குரிய மென்பொருள்களும் பொதிகளாகவே கட்டி அனுப்பப்படுகின்றன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ இயங்குதளத்திற்குரிய பொதி ஒன்றை, உதகையில் ஒரு மாணவன் இணையத்தின் வழியே பெறுகின்றான் எனக் கொள்வோம். கோப்பின் பெயர் வெறும் மேலெழுத்தே. இடையில் ஒருவன் உட்பொருளை மாற்றி, பழைய பெயரையே சூட்டி அனுப்பக்கூடும். அதனை அறிவது எங்ஙனம்?

இதற்கெனக் கணித அறிஞர் கண்ட முறையே ‘ஹாஷ்’ என்பது. கோப்பு முழுவதும் ஒரு கணக்கினுள் புகுந்து கலந்து, குறித்த நீளமுள்ள ஓர் எண்ணாக வெளிவரும். ‘எஸ்.எச்.ஏ.-256’ என்னும் முறையில், கோப்பு ஒரு வரியாயினும் ஒரு நூலகமேயாயினும் விடை 64 குறிகளே. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் விடை முற்றிலும் வேறாகிவிடும். ஒரே விடை தரும் இருவேறு கோப்புகளை இம்முறையில் இதுவரை எவரும் கண்டிலர். ‘எம்.டி.5’ என்னும் பழைய முறைக்கு அப்பெருமை நிலைக்கவில்லை. 2004இல் சீன அறிஞர் சியாவோயுன் வாங் குழுவினர் அத்தகைய கோப்புகளை ஆக்கிக் காட்டினர்.

தேயிலையைச் சுவைப்பவர் நன்று தீது அறிவார். ஹாஷ் அதனை அறியாது. ‘இஃது அதுவே’ என்றோ, ‘அதுவன்று’ என்றோ மட்டுமே அது கூறும்.

ஆயின், ஒப்பிடுதற்குரிய எண்ணை மாணவன் எங்கிருந்து பெறுவான்? 2016 பிப்ரவரியில் ‘லினக்ஸ் மின்ட்’ தளத்தினுள் கள்வர் புகுந்து, இணைப்பை மாற்றி, தீய நிரல் கலந்த கோப்பைப் பலர் பெறுமாறு செய்தனர். இணைப்பை மாற்ற வல்லவர்க்கு அருகிலுள்ள எண்ணை மாற்றுதல் அரிதோ?

ஆதலின், பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியனில் காவல் இரட்டிப்பாக உள்ளது. பொதிகளின் ஹாஷ் எண்கள் யாவும் ஒரு பட்டியலில் அடங்கும். அப்பட்டியலின் ஹாஷ் எண் மற்றொரு கோப்பில் இருக்கும். அக்கோப்பின்மேல், வெளியிடுவோர் தம்மிடமே மறைத்து வைத்துள்ள சாவியால் மின் கையொப்பம் இடுவர். அதனைச் சரிபார்க்கும் இணைச்சாவி, மாணவனின் கணினியில் முன்னமே வைக்கப்பட்டிருக்கும். கணினி முதலில் கையொப்பத்தையும், பின்னர் பட்டியலையும், இறுதியில் பொதியையும் ஒப்பிடும். எண் பொருந்தாத பொதியை நிறுவாமல் தள்ளிவிடும்.